இரண்டு பக்கெட் சேறு

வல்லம் வடகாலில் வண்டி உதிரிபாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றில், கடைசிக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு பதினான்கு வருஷமாகத் தண்ணீரைக் கழுவி வந்தாள் செல்வமேரி. தண்ணீரை எப்படிக் கழுவுவது என்று கேட்காதீர்கள், அவள் அப்படித்தான் சொல்வாள். பெயின்ட் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்றால் இரும்புத் தகட்டை முதலில் பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அந்தத் தொட்டித் தண்ணீர் அழுக்கானதும் அவளிடம் வந்து சேரும். சுண்ணாம்பையும் ஃபெரிக் என்கிற இரும்பு மருந்தையும் போட்டுக் கலக்குவாள். பாஸ்பேட்டெல்லாம் இரும்பைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்காரும், மேலே தெளிந்தது வெளியே போகும். அந்தத் தண்ணீரை அவள் ஒரு நாளும் குடித்துப் பார்த்ததில்லை. ஆனால் குடிக்கலாம் போல இருக்கும் என்று பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள்.

அந்தப் பெருமைக்கு இந்த மே மாதம் வேட்டு வைத்தது ஊர் ஆறு. ஆறு என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். கம்பெனிகள் விடுகிற தண்ணீரையும் நாலு ஊர்த் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு அடையாற்றைப் பார்த்து மெல்ல நகர்கிற ஒரு கால்வாய் அது. அதன் கரையில் மாதா கெபி, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில், இருக்கிறது. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை சப்பரத்தில் மாதாவை வைத்து அந்தக் கரையோடு சுற்றி வருவது வழக்கம். மூன்று வருஷமாகக் கோடை வந்தால் தண்ணீர் பசேலென்று கஞ்சி மாதிரி திரிந்துபோகிறது, நாற்றம் வேறு. போன வருஷம் சப்பரம் தூக்கினவர்கள் மூக்கைப் பொத்த ஒரு கை, தோள்கட்டையைப் பிடிக்க ஒரு கை என்று நடந்ததில் மாதா ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஊர்வலம் போனாள்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் வில்சன் இதைப் பொறுக்கவில்லை. முழு வெள்ளைத்தாளில் கலெக்டருக்கு ஒரு மனு எழுதினார். பாஸ்பேட் விடுகிற கம்பெனி என்று செல்வமேரியின் கம்பெனிப் பெயரைப் போட்டு அடிக்கோடும் இழுத்திருந்தார். வில்சன் வேற்று ஆள் இல்லை, அவள் வீட்டுக்காரன் யேசுராஜின் அக்காவைக் கட்டினவர். செல்வமேரிக்கு அண்ணன் முறை.

"ஒன்னிய ஒண்ணும் சொல்லலம்மா. கம்பெனியத்தான் சொல்றேன்" என்றார்.

"கம்பெனில தண்ணி வுடறது நான்தானே அண்ணே?"

"அது ஒன் பிரச்சனை."

உண்மையிலேயே அவள் பிரச்சனைதான். பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் பார்க்கிற அதிகாரி பிரசன்னா அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மனு போச்சுன்னா ஹெட் ஆபீஸ்ல இந்தக் கொட்டகைய வெளி ஏஜென்சிக்குக் குடுத்துடுவாங்க. அவங்க அவங்க ஆளோட வருவாங்க. உங்களுக்கு நான் எந்த உத்தரவாதமும் தர முடியாதும்மா." ஒப்பந்த வேலைதான் அவளுடையது. நாற்பத்தோரு வயசில் வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீட்டில் யேசுராஜ் இருக்கிறானே, அவனுக்கு இதெல்லாம் அல்வா. அவள் கம்பெனி பஸ்ஸையே ஓட்டுகிறவன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் வழியாகக் குன்றத்தூர் போவான், வழியில் அவளை ஊரில் இறக்கிவிடுவான். "என் பஸ்சு பதினாலு வருசத்துல ஒரு நாள் லேட்டு கெடயாது" என்பது அவன் தினசரி ஜெபம். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

"பச்சத் தண்ணி மேரி, ஏறு ஏறு, டைம் ஆவுது" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவான்.

"போயி வண்டிய ஓட்டுங்க" என்பாள். முன்பானால் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள்.

அவளுக்குக் குழப்பம் இதுதான். அவள் விடுகிற தண்ணீரில் பாஸ்பேட் இல்லை, தினமும் பார்க்கிறாள். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து இரண்டு மருந்து விட்டால் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஏறும். அவள் தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெபிக்குக் கீழே ஒரு பாட்டிலில் மொண்டு வந்து பார்த்தாள். துணிக்குப் போடும் சொட்டு நீலம் தோற்றது. அவள் விடவில்லை, மேலே வேறு யாரும் புதிதாக விடவில்லை, கோடையில் வரத்தே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

அப்போதுதான் ஜோவிதாவின் ஞாபகம் வந்தது. தை மாதத்தில் கல்லூரியிலிருந்து வந்து, பிளாஸ்டிக் குழாயைக் கரையோரம் குத்திச் சேறு எடுத்துப்போன பெண். ஊரே வேடிக்கை பார்த்தது. செல்வமேரி போனில் பிடித்துக் கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது: "ஆத்துச் சேத்துல இரும்புத் துரு இருக்குங்க அக்கா. காத்து கலந்த தண்ணி மேல ஓடுற வரைக்கும் அந்தத் துரு பாஸ்பேட்டப் பிடிச்சு வச்சிருக்கும். தண்ணி நின்னு போயி, அடியில காத்து தீந்துடுச்சுன்னா துரு கரைஞ்சுடும். பிடிச்சு வச்சதையெல்லாம் விட்டுடும். பாசிக்கு அதுதான் சாப்பாடு."

செல்வமேரி போனை வைத்துவிட்டுத் தன் ஃபெரிக் டிரம்மைப் பார்த்தாள். பதினான்கு வருஷமாக அவள் செய்வதும் அதுதானே, இரும்பைப் போட்டுப் பாஸ்பேட்டைப் பிடிக்கிற வேலை. ஆறும் அதே தொழில்தான் பார்த்திருக்கிறது, சம்பளமில்லாமல்.

யேசுராஜிடம் சொன்னபோது அவன் கேலி பண்ணாமல் ஒரு நிமிஷம் யோசித்தான். "பஸ்சு மாதிரி சொல்லு. சீட்டு இருக்கிற வரைக்கும் உக்காந்துகினு இருப்பான். சீட்டையே கழட்டிட்டா எறங்கித்தானே ஆவணும்."

இதை வில்சனுக்குக் காட்டிவிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பிரசன்னாவிடம் பேசினாள். பேரவை ஆட்களை ஒரு சனிக்கிழமை கம்பெனிக்கே கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். கெபிக்குக் கீழிருந்து இரண்டு பக்கெட் சேறு அள்ளிவந்தாள். இரண்டிலும் ஒரே அளவு சேறு, மேலே ஒரே அளவு சுத்தத் தண்ணீர். ஒன்றில் மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரின் குழாயைப் போட்டுக் குமிழி விடச் செய்தாள். இன்னொன்றை மூடி போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, காற்றுப் போகாமல் அடைத்தாள். தினமும் ஓர் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து நீலம் பார்த்தாள். காற்று விட்டதில் ஒன்றும் இல்லை. மூடி போட்டது ஐந்தாம் நாள் லேசாக நீலம் காட்டியது, பத்தாம் நாள் நல்ல நீலம், பதினான்காம் நாள் மை மாதிரி. செல்வமேரிக்கு அந்தக் குழாயை எடுத்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

வியாழனும் வெள்ளியும் அவள் லீவு. எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். வில்சன் புது வீடு கட்டி, ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்தார். முறை இருக்கிறதே, போகாமல் இருக்க முடியுமா? இரண்டு நாளும் அவர் வீட்டுக் கொல்லையில் வெங்காயம் உரித்து, நூறு பேருக்கு சாம்பார் கிண்டினாள். மனுவை ஃபாதரிடம் படித்துக் காட்டிக்கொண்டே வில்சன் இரண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கினார்.

சனிக்கிழமை காலை கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தரை பளபளவென்று இருந்தது. இரண்டு பக்கெட்டையும் சுற்றி மஞ்சள் டேப்பால் கட்டம் போட்டிருந்தது. 'சேறு - 1', 'சேறு - 2' என்று அச்சடித்த ஸ்டிக்கர். இரண்டாவது பக்கெட்டின் மூடியைக் காணோம். மோட்டார் குழாயில் ஒரு கிளை ஒட்டி, அதையும் பக்கெட்டுக்குள் விட்டிருந்தார்கள். இரண்டும் ஜோடியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து, அளவு வாரியாக அடுக்கியிருந்தது.

பாண்டிச்செல்வி வாய்கொள்ளாச் சிரிப்போடு நின்றாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஒரகடம் ஹாஸ்டலில் தங்கி பெயின்ட் லைனில் வேலை செய்கிறவள். கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. வேண்டாததைத் தள்ளு, ஒழுங்காக அடுக்கு, துடை, ஒரே மாதிரி வை, அதையே பழக்கமாக்கு என்று ஐந்து கட்டளை. பத்துக் கட்டளையை விட இந்த ஐந்துக்குத்தான் அங்கே பயம் அதிகம். அந்தக் குழுவுக்குப் பாண்டிச்செல்விதான் தலைவி.

"யக்கா, விருந்தாளி வாராகன்னு பிரசன்னா சார் சொன்னாரு. வியாழக்கெழம காலையிலயே முடிச்சிட்டம்லா. ஒரு பக்கெட்டு ஓகே, இன்னொண்ணு நாத்தம் கொடலப் பொரட்டுது. ஒரே சாமான் ரெண்டு இருந்தா ஒரே மாதிரில்லா இருக்கணும்? இப்பப் பாருங்க, ரெண்டும் ஓகே."

செல்வமேரி இரண்டாவது பக்கெட்டில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. நீலம் என்று பேருக்குக்கூட இல்லை.

"இன்னாடி பண்ணி வச்சிருக்கே" என்றாள். பக்கத்தில் இருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு வில்சன் வருவார். இன்னொரு பக்கெட் நாற இரண்டு வாரம் ஆகும். விஷயம் புரிந்ததும் பாண்டிச்செல்வியின் முகம் சுருங்கிப்போயிற்று. "யக்கா, தெரியாமச் செஞ்சிட்டேங்க்கா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

இந்த இடத்தில் செல்வமேரிக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது, மறைப்பானேன். லைனில் பாஸ்பேட் தொட்டி இருக்கிறது. ஒரு கரண்டி மொண்டு வந்து இரண்டாவது பக்கெட்டில் விட்டால் போதும், மை மாதிரி நீலம் வந்துவிடும், எவனுக்கும் தெரியாது. பொய்யும் இல்லையே, முந்தாநாள் வரை அப்படித்தானே இருந்தது? குவளையை எடுத்துக்கொண்டு தொட்டி வரைக்கும் போனாள். தொட்டி ஓரத்தில் நின்றபோது அவள் கை தானாக நின்றது. அவசரத்துக்கு என்று அவள் இதற்கு முன்னாலும் ஒரு தரம் ஒரு காரியம் செய்திருக்கிறாள். அது பன்னிரண்டு வருஷமாக உள்ளே கிடக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்க அவளால் ஆகாது. வெறுங்குவளையோடு திரும்பி வந்தாள்.

மூன்று மணிக்கு வில்சனும் பேரவை ஆட்கள் நாலு பேரும் தலையில் ஹெல்மெட்டோடு வந்தார்கள். ஹெல்மெட் வில்சனுக்குச் சின்னது, கிரீடம் மாதிரி உச்சியில் நின்றது. சட்டைப் பையில் மனு எட்டிப் பார்த்தது. பிரசன்னா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா மேரி, எது நல்ல சேறு, எது கெட்ட சேறு?" என்றார் வில்சன். "ரெண்டும் ஒரே மாதிரி கீது."

"ஒரே சேறுதான் அண்ணே" என்று ஆரம்பித்தவள், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மூடி போட்டது, நீலம் ஏறியது, இப்போது இறங்கிவிட்டது. சொல்லும்போதே, நானே கேட்டால் நம்பமாட்டேனே என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவர் கொட்டாவி விட்டார். வில்சன் பையிலிருந்து மனுவை எடுக்கப் போனார்.

"சார், போட்டோ இருக்கு சார்" என்றாள் பாண்டிச்செல்வி, பின்னாலிருந்து. ஃபைவ் எஸ் வேலை என்றால் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் எடுத்துப் பலகையில் ஒட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மார்க் கிடையாது. ஓடிப்போய்ப் பலகையையே கழற்றிக்கொண்டு வந்தாள். 'முன்பு' படத்தில் டேப் ஒட்டிய பக்கெட்டும், முன்னால் அடுக்கில் தேதி ஒட்டிய குழாய்களும் இருந்தன. நாளுக்கு நாள் நீலம் ஏறிக்கொண்டே வந்து, புதன்கிழமைக் குழாய் மை மாதிரி நின்றது. ஓரத்தில் வியாழக்கிழமை காலை எட்டேகால் என்று போனே போட்ட நேரம்.

செல்வமேரி படத்தைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள். இரண்டாவது பக்கெட்டின் ஓரத்திலும் சேற்றின் மேலும் துரு நிறத்தில் மெல்லிசாக ஒரு படலம் படிந்திருந்தது. புதன்கிழமை அந்தப் படலம் கிடையாது. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"அண்ணே, இத பாருங்க. தண்ணியில கரைஞ்சு கெடந்த இரும்பு, காத்து பட்டதும் துருவா திரும்பி உக்காந்துகீது. உக்காரும்போது பாஸ்பேட்டையும் பிடிச்சுகினு உக்காந்துடுச்சு. நான் சேறு வுடறதத்தான் காட்டலாம்னு இருந்தேன். இந்தப் பொண்ணு பிடிக்கறதையும் சேத்துக் காட்டிட்டா. இதுல நான் ஒரு சொட்டு விடல, எடுக்கல. எல்லாம் சேறு பண்ணது."

வில்சன் குனிந்தார், ஹெல்மெட் பக்கெட்டுக்குள் விழப் பார்த்தது. விரலால் அந்தத் துருவைத் தொட்டு முகர்ந்தார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி. சேறு வெச்சுகினு இருந்துச்சு, இப்ப வுடுது. ஒத்துக்கிறேன். சேத்துக்கு யாரு குடுத்தது?"

இந்தக் கேள்விதான் வரக்கூடாது என்று செல்வமேரி மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மாதா அன்று வேறு வேலையாக இருந்தாள் போல.

"எல்லாரும்தான் அண்ணே. இந்தக் கம்பெனிங்க வர்றதுக்கு முன்னாடி இங்க இன்னா இருந்துச்சு? உங்க நெலம்தானே. போகத்துக்கு எத்தினி மூட்டை டி.ஏ.பி. கொட்டினீங்க?"

"பயிரு பச்சையா வரணுமில்ல" என்றார் வில்சன். குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

"உரத்துல இருக்கறதும் இதே பாஸ்பேட்டுதான். மழை பேஞ்சா மண்ணோட அடிச்சுகினு ஆத்துக்குத்தான் போச்சு. ஊர்ச் சாக்கடை வேற." அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரசன்னா முகத்தில் நிம்மதிகூட வந்துவிட்டது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. "அப்புறம் நான்."

பிரசன்னா கட்டின கையை அவிழ்த்தார்.

"வேலைக்கு வந்து ரெண்டாவது வருசம். ஐப்பசி மழை. லைன்லருந்து பாஸ்பேட் தொட்டிய அப்படியே எறக்கிட்டாங்க, என் தொட்டி ரொம்பி வழியுது. மருந்து போட்டுக் கலக்க ரெண்டு மணி நேரம் ஆவும். அப்ப வெளிய போற வால்வு ஒண்ணு இருந்துச்சு. தொறந்து வுட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்துதான் மூடினேன். லாக் புக்குல ஒண்ணும் எழுதல. ஃபாதர்கிட்ட மட்டும் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். பத்து அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன். முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "அது சேத்துல கெடக்குது அண்ணே."

வில்சன் மனுவை விரித்தார். கம்பெனிப் பெயரையும் அடிக்கோட்டையும் சேர்த்து அடித்தார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'அடுத்த கோடைக்குள் சேறு அள்ளித் தண்ணீர் ஓட வழி செய்ய வேண்டும்' என்று எழுதினார். அடியில் 'இச்சேற்றுக்குக் கொடுத்தவர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டு, முதலில் தன் பெயரை எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினார். அவளும் தன் பெயரை எழுதினாள்.

"பத்துதானா குடுத்தாரு?" என்று ரகசியமாகக் கேட்டார். "நான் கொட்டினதுக்கு ஜெபமால பூரா உருட்டச் சொல்லுவாரு போல."

பிரசன்னா அன்றே மெமோ அடித்துக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய சம்பவத்தை இன்றைய தேதியில் லாக் புக்கில் பதிய வேண்டும், இனி இப்படி நடக்கக் கூடாது. "நான் குடுத்துத்தான் ஆகணும்மா" என்றார். வெளி ஏஜென்சி பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "திங்கக்கிழமை அந்த ரெண்டாவது பக்கெட்ட மறுபடி மூடி வைங்க. ஹெட் ஆபீஸ்ல பாக்கணுமாம்" என்றதில்தான் வேலை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பாண்டிச்செல்வி அப்போதே அந்த மூடிக்கு 'திறக்காதே' என்று ஸ்டிக்கர் அடிக்க ஓடிவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் யேசுராஜ் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு ராகம் போட்டுப் படித்தான். "அடேங்கப்பா, பச்சத் தண்ணி மேரி கம்பெனி பேப்பர்லயே வந்துட்டா. ஃபாதருக்குச் சொன்னே, வில்சன் மாமாவுக்குச் சொன்னே. கட்டினவன்கிட்ட மட்டும் பன்னெண்டு வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே மேரி. நான் இன்னா அடிச்சுடவா போறேன்?"

அவள் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரம் இருந்து கலக்கிட்டு வந்திருக்கலாமில்ல? அப்பிடி இன்னா அவசரம் ஒனக்கு?"

"கேட்டாண்ட பஸ்சு நின்னுகினு இருந்துச்சு" என்றாள் செல்வமேரி. "ஹாரன் அடிச்சுகினே இருந்தீங்க."

யேசுராஜ் மெமோவை மடித்தான். மறுபடி பிரித்தான். மழையும், பஸ் நிறைய ஆட்கள் கத்தியதும், கடைசியில் நனைந்துகொண்டு ஓடிவந்து ஏறினவள் குன்றத்தூர் ரோடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்ததும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்றைக்கும் ஐந்தரைக்கு வண்டியை எடுத்துவிட்டான், லேட் இல்லை. ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

காலையில் பூசைக்குப் போகும்போது கோயில் வாசலில் வில்சனைப் பிடித்தான். "மாமா, அந்த மனுவக் குடு" என்று வாங்கி, சுவரில் வைத்து, செல்வமேரியின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.